வாடகைக்கு விட்ட ஃபிளாட்டுக்கு மாதம் 2,000 ரூபாய் தனிக் கட்டணம்: சொசைட்டி இப்படி வாங்கலாமா?

டோம்பிவிலி_மகள்

எல்லோருக்கும் வணக்கம். மும்பை பக்கம் டோம்பிவிலி கிழக்கில் அப்பா பெயரில் ஒரு ஃபிளாட் இருக்கிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அப்பாவும் அம்மாவும் தென்காசிக்கே போய்விட்டார்கள். வீட்டை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் (இங்கே வாடகைக்கு விடப் போடும் ஒப்பந்தம்) முறையாகப் பதிவாகியிருக்கிறது. அதன் நகலையும் போலீசில் விவரம் கொடுத்த காகிதத்தையும் சொசைட்டி (ஃபிளாட் உரிமையாளர்களின் கூட்டுறவுச் சங்கம்) ஆபீசில் கொடுத்து முத்திரை வாங்கி வைத்திருக்கிறோம்.

ஏப்ரலில் இருந்து பில்லில் ‘நான்-ஆக்குபன்சி சார்ஜ்’ (ஓனர் குடியிருக்காமல் வாடகைக்கு விட்டதற்கான கட்டணம்) என்று மாதம் 2,000 ரூபாய் சேர்க்கிறார்கள். செக்ரட்டரியிடம் போனில் கேட்டேன். “ஜெனரல் பாடியில் (உறுப்பினர்களின் பொதுக்கூட்டம்) தீர்மானம் போட்டாயிற்று, வாடகைக்கு விட்ட எல்லாருக்கும் இதே தொகைதான்” என்கிறார். அப்பாவுக்கு ஒரே கோபம். இனி மெயின்டனன்ஸே கட்டப் போவதில்லை என்று நிற்கிறார்.

பில் இப்படி இருக்கிறது: சொத்து வரி 900, தண்ணீர் 350, ரிப்பேர் ஃபண்ட் 800, சிங்கிங் ஃபண்ட் (கட்டடத்தின் பிற்காலப் பெரிய வேலைகளுக்கான சேமிப்பு) 250, லிஃப்ட் 300, சர்வீஸ் சார்ஜ் 1,500, பார்க்கிங் 200. ஆக 4,300. அதற்கு மேல்தான் அந்த 2,000. இது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்பூர்க்காரர்

அம்மா, முதலில் அப்பாவைச் சமாதானப்படுத்துங்கள். மெயின்டனன்ஸ் தொகையை ஒரு மாதம்கூட நிறுத்த வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி நின்றால் அவரை பாக்கிதாரர் என்று எழுதிவிடுவார்கள். மாதிரி பை-லா (சொசைட்டிகளுக்கான மாதிரி விதிமுறை) ஆண்டுக்கு 21 சதவீதம் வரை தனி வட்டி போட அனுமதிக்கிறது. கமிட்டித் தேர்தலில் நிற்கவும் முடியாது. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்?

இப்போது அந்த 2,000. மகாராஷ்டிராவில் இதற்கு வரம்பு உண்டு. கூட்டுறவுச் சங்கச் சட்டம் 1960, பிரிவு 79ஏ-யின் கீழ் மாநில அரசு 2001 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஓர் ஆணை போட்டது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு நான்-ஆக்குபன்சி சார்ஜ் வாங்கலாம், ஆனால் அது சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் அந்த ஆணை. பில் மொத்தத்தில் 10 சதவீதம் என்று அதில் இல்லை. வாடகையில் சதவீதம், சதுர அடிக்கு இவ்வளவு என்ற கணக்குகளும் இல்லை. சர்வீஸ் சார்ஜ் என்ற அந்த ஒரு வரியில் 10 சதவீதம், அவ்வளவுதான்.

உங்கள் பில்லில் அந்த வரி 1,500. அதில் 10 சதவீதம் 150 ரூபாய். அவர்கள் வாங்குவது 2,000. மாதம் 1,850 அதிகம், வருஷத்துக்கு 22,200 ரூபாய்.

“ஜெனரல் பாடி தீர்மானம்” என்ற பதிலை வைத்து யாரும் உங்களை மடக்க முடியாது. 79ஏ ஆணை எல்லாச் சங்கங்களையும் கட்டுப்படுத்தும். நூறு பேர் கை தூக்கினாலும் அந்த வரம்பு நகராது. மான்ட் பிளாங்க் என்ற மும்பை சொசைட்டி இதே ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போனது. 2007-இல் நீதிமன்றம் ஆணை செல்லும் என்றே சொன்னது.

டோம்பிவிலி_மகள்

மிக்க நன்றி சார். இவ்வளவு தெளிவாக எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. ஒரு சந்தேகம். நாங்கள் இப்படிக் கேட்டால், சர்வீஸ் சார்ஜையே ஏற்றிக் காட்டி 10 சதவீதத்தைப் பெரிதாக்க மாட்டார்களா?

செம்பூர்க்காரர்

நல்ல கேள்வி. சர்வீஸ் சார்ஜ் எல்லா ஃபிளாட்டுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டிய தலைப்பு. அதை ஏற்றினால் கமிட்டிக்காரர்கள் வீட்டு பில்லும் சேர்ந்தே ஏறும். அதனால் அந்த வழியில் பெரும்பாலும் போக மாட்டார்கள். நடைமுறையில் நான் பார்ப்பது வேறு: லிஃப்ட், ரிப்பேர் ஃபண்ட், தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து ‘மெயின்டனன்ஸ்’ என்று ஒரே வரியாகப் போட்டுவிடுவார்கள், அதற்கு 10 சதவீதம் கேட்பார்கள். உங்கள் பில்லுக்கு அது 430 ரூபாயாகிவிடும். பார்க்கச் சின்னத் தொகை என்பதால் யாரும் கேட்பதில்லை.

மாதிரி பை-லாவில் ஒவ்வொன்றும் தனித் தலைப்பு. சொத்து வரி அந்தந்த வீட்டுக்கு உள்ளபடி. தண்ணீர் குழாய் இணைப்பின் கணக்கில். ரிப்பேர் ஃபண்ட் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.75 சதவீதம், சிங்கிங் ஃபண்ட் குறைந்தது 0.25 சதவீதம். லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் தனித்தனி. வாட்ச்மேன், ஊழியர் சம்பளம், ஆபீஸ் செலவு, காகிதம், தபால், ஆடிட் கட்டணம் இவைதான் சர்வீஸ் சார்ஜுக்குள் வரும். ஆகவே யாராக இருந்தாலும் முதலில் தலைப்புவாரியாகப் பிரித்த பில் கேட்டு வாங்குங்கள். இந்த விவகாரத்தில் பாதி அதிலேயே தெளிவாகிவிடும்.

தாணே_ட்ரெஷரர்

நான் ஒரு சொசைட்டியில் பொருளாளர். 10 சதவீத வரம்பைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, எங்கள் பில்லிலும் அப்படித்தான் போடுகிறோம். ஆனால் இந்தப் பேச்சு முழுக்க கமிட்டி கொள்ளையடிக்கிறது என்ற திசையிலேயே போகிறது. இந்தப் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் கட்டடத்தில் பாதிக்குப் பாதி வாடகை வீடுகள். வருஷத்துக்கு ஒருமுறை குடும்பம் மாறுகிறது. புதிதாக வருகிறவரின் ஒப்பந்தம், போலீஸ் காகிதம், வண்டி எண், கேட்டில் பதிவு எல்லாம் யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்க்கிறவர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை, வேலைக்குப் போய்விட்டு ராத்திரி வந்து செய்கிறவர்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி ஒழுகல். மேல் வீட்டு பாத்ரூமில் இருந்து கீழ் வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்டும். மேல் வீட்டில் இருப்பவர் “ஓனரைக் கேளுங்கள்” என்பார். ஓனர் வெளிநாட்டில் இருப்பார், போனை எடுக்க மாட்டார், எடுத்தாலும் “அடுத்த முறை வரும்போது பார்க்கிறேன்” என்பார். கீழ் வீட்டில் இருக்கும் எழுபது வயது அம்மா எங்கள் வாசலில் வந்து நிற்பார். அந்தக் கூரையில் பூஞ்சை ஏறி, சுவர் பொரிந்து விழுகிற வரை நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருப்போம். ஜெனரல் பாடிக்கு வராதவர்கள், கமிட்டியில் ஒரு நாளும் உட்காராதவர்கள், வாடகையை மட்டும் சரியாக வாங்குகிறார்கள். 150 ரூபாயில் இதற்கெல்லாம் என்ன ஈடு?

செம்பூர்க்காரர்

ட்ரெஷரர் சார், ஒழுகலைப் பற்றி நீங்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. ஆனால் அந்த ஓனரிடம் மாதம் 2,000 வாங்கினால் கீழ் வீட்டுக் கூரை காய்ந்துவிடுமா? அவர் அதையும் கட்டிவிட்டு, போனை எடுக்காமலேயே இருப்பார். அவர் தவறுக்கு, எந்தப் பிரச்சினையும் கொடுக்காத தென்காசிப் பெரியவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

ஒழுகலுக்கு ஒழுகலை வைத்துத்தான் நடவடிக்கை எடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து உள்ளே போய்ப் பார்க்க சொசைட்டிக்கு உரிமை உண்டு. சரி செய்த செலவை, தவறு யாருடையதோ அவர் பில்லில் ஏற்றலாம். கட்டவில்லை என்றால் கூட்டுறவுப் பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் கேட்டுப் போகலாம், 2019 திருத்தத்துக்குப் பிறகு அது பிரிவு 154பி-29. இந்த வழிகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. அதை விட்டுவிட்டு ‘வாடகைக்கு விட்டவர்கள்’ என்று ஒரு கூட்டமாகச் சேர்த்து எல்லாருக்கும் தொகை போடுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் யோசியுங்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரும் வாட்ச்மேன் சம்பளத்தில் முழுப் பங்கு கட்டுகிறார். ரிப்பேர் ஃபண்ட், சிங்கிங் ஃபண்ட் எல்லாம் முழுப் பங்கு. அந்த வீட்டில் இருப்பதும் ஒரு குடும்பம்தான். ஓனர் இருந்திருந்தால் ஏறியிருக்கும் அதே லிஃப்டில் அவர்கள் ஏறுகிறார்கள். கூடுதலாக வருவது காகித வேலை. அந்த வேலைக்கு 10 சதவீதம் நியாயமான அளவு என்றே நான் நினைக்கிறேன்.

வாடகைவாசி

நான் நவி மும்பையில் வாடகைக்கு இருப்பவன். இதுவரை பேசியவர்கள் எல்லாம் ஓனர்கள் என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஓனர் மேல் போடுகிற தொகையை ஓனர் கட்டுவதில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையில் ஏறி எங்கள் தலையில்தான் வந்து விழுகிறது. எங்கள் ஓனர் நேரடியாகவே, “சொசைட்டி 1,800 கூட்டிவிட்டது, அதைச் சேர்த்துக் கொடுங்கள்” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். சரி, கொடுக்கிறோம். அதே சொசைட்டியில் என் மகள் கிளப் ஹவுஸில் கேரம் விளையாடப் போனால், “டெனன்ட் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். ஒன்பது வயதுக் குழந்தை. அன்று ராத்திரி அவள் என்னிடம், நம்ம வீட்டில் ஏதாவது தப்பா அப்பா என்று கேட்டாள்.

குடிவரும்போது 5,000 ரூபாய், திரும்பத் தர மாட்டோம் என்று சொல்லியே வாங்கினார்கள். லிஃப்டில் சாமான் ஏற்றினால் தேய்மானமாம். என் கண்ணெதிரே வீடு வாங்கிக் குடிவந்த ஓனரிடம் அந்தப் பணம் வாங்கவில்லை. அவர் சாமானும் அதே லிஃப்டில்தான் ஏறியது.

தாணே_ட்ரெஷரர்

தம்பி, குழந்தையைத் திருப்பி அனுப்பியது எந்த விதத்திலும் நியாயம் இல்லை. எங்கள் சொசைட்டியில் அப்படி நடந்தால் நானே சண்டை போடுவேன். மெயின்டனன்ஸ் முழுசாக வரும் வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கு வசதியும் முழுசாக உண்டு.

குடிவரும் கட்டணத்துக்கு நாங்கள் செய்வது: ஓனரோ டெனன்டோ, யார் சாமான் ஏற்றினாலும் ஒரு டெபாசிட் வாங்குவோம். ஏற்றி முடித்ததும் வாட்ச்மேனும் அவர்களுமாக லிஃப்டையும் படியையும் பார்ப்பார்கள். சேதம் இல்லை என்றால் மறுநாளே முழுப் பணமும் திரும்பப் போய்விடும். மாதிரி பை-லாவின் கட்டணத் தலைப்புகளில் குடிவரும் கட்டணம் என்று ஒன்று இல்லை.

பல்லாவரம்_பாலு

இங்கே சென்னையிலும் இதே கதைதான். எங்கள் அசோசியேஷனில் ஓனர் குடியிருந்தால் சதுர அடிக்கு 3 ரூபாய், வாடகைக்கு விட்டால் 4 ரூபாய். அந்த 10 சதவீத ஆணையைக் காட்டி நாங்களும் கேட்கலாமா?

செம்பூர்க்காரர்

முடியாது பாலு அண்ணா. அது மகாராஷ்டிரா கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் வந்த ஆணை, அந்த மாநிலத்து ஹவுசிங் சொசைட்டிகளுக்கு மட்டும்தான். உங்கள் அசோசியேஷன் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவானதா, அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின் கீழ் வருவதா என்று முதலில் பாருங்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2022-இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. அப்புறம் உங்கள் பை-லாவை வாங்கிப் படியுங்கள். வாடகை வீட்டுக்கு வேறு விகிதம் போடலாம் என்று அதில் எழுதியிருக்கிறதா, இல்லை கமிட்டி தானாக முடிவு செய்ததா? எழுதாமல் வாங்கினால் எழுத்தில் கேள்வி கேட்க உங்களுக்கு இடம் இருக்கிறது.

வாடகை ஒப்பந்தத்தையும் கையோடு சரி செய்துகொள்ளுங்கள். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது, ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். மெயின்டனன்ஸ் யார் கட்டுவது, அது நடுவில் ஏறினால் யார் பொறுப்பு என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிட்டால், வாடகைவாசி தம்பிக்கு வந்த சிக்கல் உங்கள் வீட்டில் வராது.

மாட்டுங்கா_அத்தை

எங்கள் ஃபிளாட்டில் இப்போது இருப்பது என் தங்கையும் அவள் பிள்ளைகளும். வாடகை ஒரு பைசா வாங்குவதில்லை. இதற்கும் நான்-ஆக்குபன்சி போட்டிருக்கிறார்கள். கேட்டால் “நீங்கள் அங்கே இல்லையே” என்கிறார்கள்.

செம்பூர்க்காரர்

அத்தை, நிச்சயம் போடக் கூடாது. பெற்றோர், உடன்பிறந்தவர்கள், மகன், மகள், மருமகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இவர்கள் குடியிருந்தால் இந்தக் கட்டணம் கிடையாது. தங்கை அந்த வரிசையில் இருக்கிறார். உறவைக் காட்ட ஒரு காகிதத்தோடு கடிதம் கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் போட முடியாது. வாடகைக்கு விட்டால்தான் இந்தப் பேச்சே வரும்.

ஆடிட்_மாமா

பணக் கணக்குப் பக்கம் இரண்டு விஷயம்.

சொசைட்டிக்கு: இந்தக் கட்டணம் சொசைட்டியின் வருமானம், அதற்கு வரி உண்டு என்று வருமான வரித் துறை வழக்கு நடத்தியது. வெங்கடேஷ் பிரமிசஸ் வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுத் தங்கள் பொது நலனுக்கே செலவழிக்கும் பணம் இது, வரி இல்லை என்று முடித்துவைத்தது. இதில் எல்லாரும் கவனிக்க வேண்டியது, அந்தப் பணம் பொது நலனுக்கானது என்பதுதான். வாடகைக்கு விட்டவரும் அந்தப் பொதுவுக்குள் ஓர் உறுப்பினர். வெளியாளிடம் வசூலிப்பது போல அவரிடம் வசூலிப்பது அந்த அடிப்படைக்கே ஒத்துவராது.

ஓனருக்கு: வாடகை வருமானத்தில் 30 சதவீதம், செலவு செய்தாலும் செய்யாவிட்டாலும், கழிவாகக் கிடைக்கும். மெயின்டனன்ஸ், நான்-ஆக்குபன்சி இவற்றை அதற்கு மேல் தனியாகக் கழிக்கலாமா என்பதில் தீர்ப்பாயங்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. உங்கள் ஆடிட்டரைக் கேட்டே செய்யுங்கள்.

டோம்பிவிலி_மகள்

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மெயின்டனன்ஸைக் கட்ட ஒத்துக்கொண்டார். “பணம் போனால் போகட்டும், முப்பது வருஷம் அந்தக் கட்டடத்தில் இருந்தேன், தண்ணீர்த் தொட்டி கட்டும்போது நான்தான் நின்று பார்த்தேன், இப்போது வெளியூர்க்காரன் மாதிரி அபராதம் போடுகிறார்களே” என்றார். அவருக்கு வலிப்பது அதுதான் என்று அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

கடிதம் எழுதப் போகிறேன். எப்படி எழுதினால் எடுபடும்? அப்புறம், ஜெனரல் பாடிக்கு அப்பாவால் வர முடியாது. நான் அவருக்குப் பதிலாகப் போய்ப் பேசலாமா?

செம்பூர்க்காரர்

கடிதம் ஒரு பக்கம் போதும். கோபத்தை அதில் காட்ட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 1 ஆணையின் தேதியையும் பிரிவு 79ஏ-யையும் குறிப்பிட்டு, சர்வீஸ் சார்ஜ் 1,500, அதில் 10 சதவீதம் 150 என்று கணக்கை எழுதுங்கள். ஏப்ரலில் இருந்து கூடுதலாக வாங்கியதை வரும் பில்களில் கழிக்கக் கேளுங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலையும் கேளுங்கள். கடிதத்தைக் கொடுத்து, உங்கள் நகலில் ஒப்புதல் முத்திரை வாங்குங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபால். இனிமேல் 4,300-உடன் 150-ஐயும் சேர்த்துச் செக்காகக் கட்டி, ‘மீதித் தொகைக்கு ஆட்சேபம் எழுத்தில் தரப்பட்டுள்ளது’ என்று கூடவே ஒரு குறிப்பு வையுங்கள். வம்பு வேண்டாம் என்று தோன்றினால் முழுத் தொகையையும் ஆட்சேபத்தோடு கட்டிவிட்டுத் திரும்பக் கேட்கலாம், அதுவும் செல்லும். பதில் வரவில்லை என்றால் உங்கள் பகுதி டெபுடி ரெஜிஸ்ட்ராருக்கு (கூட்டுறவுத் துணைப் பதிவாளர்) மனு. பணத்தைத் திரும்ப வாங்குவது வழக்காக மாறினால் பிரிவு 91-இன் கீழ் கூட்டுறவு நீதிமன்றம்.

கூட்டத்தைப் பொறுத்தவரை, பவர் ஆஃப் அட்டர்னி வைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார முடியாது. அப்பா உங்களை இணை உறுப்பினராகச் சேர்க்க விண்ணப்பித்தால், அவர் வராதபோது அவருடைய எழுத்துச் சம்மதத்தோடு நீங்கள் கலந்துகொள்ளலாம். வெளியூரில் இருக்கும் எல்லா ஓனர்களுக்கும் இதைச் சொல்வேன். மாதிரி பை-லாவில் ஜெனரல் பாடிக்குக் கோரம் (கூட்டம் நடத்தக் குறைந்தது வர வேண்டியவர்கள்) மூன்றில் இரண்டு பங்கு அல்லது 20 பேர், எது குறைவோ அது. அதுவும் சேராவிட்டால் கொஞ்ச நேரம் தள்ளிவைத்து, இருக்கிறவர்களை வைத்தே கூட்டத்தை நடத்திவிடலாம். நாம் இல்லாத அறையில்தான் நம் மேல் கட்டணம் போடுகிறார்கள். ட்ரெஷரர் சார் சொன்ன குறை அந்த இடத்தில் நூற்றுக்கு நூறு சரி.

தாணே_ட்ரெஷரர்

மகளே, இன்னும் ஒன்றும் செய்யுங்கள். கடிதத்திலேயே உங்கள் போன் எண்ணையும், டோம்பிவிலியில் உடனே வரக்கூடிய ஒருவரின் எண்ணையும் எழுதி, ‘வீட்டில் ஒழுகல், மின்சாரம் எதுவானாலும் இவர் வந்து திறந்து காட்டுவார்’ என்று சேருங்கள். ஒரு கமிட்டிக்காரனாகச் சொல்கிறேன், அந்த வரியைப் படித்ததும் எதிரில் இருப்பவரின் முகமே மாறும். ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30-க்குள் நடந்தாக வேண்டும். நோட்டீஸ் வருவதற்கு முன்பே, இந்தத் தீர்மானத்தை ரத்து செய்வதை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

டோம்பிவிலி_மகள்

இணை உறுப்பினர் விண்ணப்பத்தையும் கடிதத்தையும் அப்பா கையெழுத்துக்காகத் தென்காசிக்கு கூரியரில் அனுப்பிவிட்டேன். அஜெண்டாவில் சேர்க்கக் கேட்கும் வரியையும் ட்ரெஷரர் சார் சொன்னபடி எழுதியிருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் வாடகைக்கு விட்டிருக்கும் மற்ற ஓனர்களின் எண்களை வாட்ச்மேன் மாமாவிடம் கேட்டிருக்கிறேன். அவர்களும் இந்த ஆணையைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.